கதவைத் திறந்தவள் பெயர்

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன்.

"எனக்குப் பொம்பளப் புள்ள பொறந்தா மேகவேணின்னுதான் பேரு வைப்பேன். யாரு என்னா செய்யிறீங்கன்னு பாக்குறேன்."

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை மாலை அது. கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் சுற்றியிருந்த ஈரச் சாக்கின் நாற்றமும் பச்சைக் கொழுந்தின் வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கை நிறைத்தன. எனக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றுக்காரி என்று வரிசையில் முன்னால் விட்டிருந்தார்கள். அந்தச் சலுகையை அனுபவித்துக்கொண்டே திரும்பி நின்று சண்டை போட்டேன்.

கணக்கப்பிள்ளை தராசு முள்ளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பெண்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு முன்கூட்டியே பேர் சொல்வது வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆகாது. அதிலும் அந்தப் பேரை!

வரிசையின் கடைசியிலிருந்து என் நாத்தனாரின் குரல் வந்தது. புஷ்பம் அண்ணி பேசினால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்.

"வச்சிக்க தாயி. ஆனா எம் மருமக காதுல பேரு சொல்றவ யாரு? நான்தானே? காட்டிக் குடுத்தவ பேர என் வாயால சொல்ல மாட்டேன். அம்புட்டுதான்."

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பேரை யார் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆனால் முப்பதாம் நாள், அப்பாவின் சகோதரி மடியில் கிடத்தி, காதோரம் குனிந்து மூன்று தடவை சொன்னால்தான் அது பேர். அதுவரை அது வெறும் சத்தம். என் கணவருக்கு அக்காள், தங்கை என்று இருப்பது ஒரே ஒருத்தி. அது புஷ்பம் அண்ணிதான்.

ஆக, என் மகளின் பேர் அந்த நிமிடத்திலிருந்து என் நாத்தனாரின் வாய்க்குள் மாட்டிக்கொண்டது.

பேட்டரி செத்த ஞாயிறு

மேகவேணி யார் என்று தெரியாமலே இவ்வளவு தூரம் பொறுமையாக வாசித்தவர்களுக்குச் சொல்கிறேன்.

ஞாயிறு மாலைகளில் டீவியில் ஒரு மாயாஜாலத் தொடர் போட்டார்கள். வேறு மொழியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது. அதன் உண்மையான பேர் எனக்கு மறந்தேபோய்விட்டது. நாங்கள் 'கோட்டைப் படம்' என்போம். அதில் பறக்கும் குதிரை உண்டு. பேசும் கண்ணாடி உண்டு. ஒரு நல்ல ராசா உண்டு. அந்த ராசாவின் கோட்டைச் சாவி மேகவேணியிடம் இருக்கும். அவள் சடையை அவிழ்த்தால் மூடுபனி இறங்கும். ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே மலையில் குடியிருக்கிற எங்களுக்கு அதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் மலையில் யாரும் சடையை அவிழ்க்காமலே தினமும் நாலு மணிக்கு அது இறங்கும்.

மேகவேணியைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவே முடியாது. ஒரு வாரம் ராசாவின் உயிரைக் காப்பாற்றுவாள். மறுவாரம் அந்தப் பேசும் கண்ணாடியைத் திருடிக்கொண்டுபோய் எதிரியிடம் கொடுப்பாள். கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாள், பதில் சொல்ல மாட்டாள்.

லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. ஆறுமுகம் கங்காணி வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டீவி இருந்தது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகள் அனுப்பியது. அது லொறி பேட்டரியில் ஓடும். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அது ஒரு வாரம் தாங்கவேண்டும் என்றால் கோட்டைப் படம் தவிர வேறெதுவும் பார்க்கக்கூடாது என்பது பெண்கள் போட்ட சட்டம். செய்தி பார்க்க வந்த ஆண்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அந்த வாரம் யாரோ சட்டத்தை மீறியிருக்கிறார்கள். கிரிக்கெட் என்று என் சந்தேகம். கங்காணி மாமா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கதை உச்சத்தில் இருந்தது. எதிரிப் படை கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டது. உள்ளே தானியம் இல்லை. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடக்கிறார்கள். கடைசி மனிதன் சாகும்வரை கதவு திறக்கக்கூடாது என்று ராசா கட்டளை போட்டுவிட்டார். மேகவேணி எழுந்து நடக்கிறாள். கதவுக்குப் பக்கத்தில் வருகிறாள். தாழ்ப்பாளில் கையை வைக்கிறாள். அந்தக் கையைக் கிட்டக் காட்டினார்கள். விரலில் மோதிரம். எதிரி ராசாவின் முத்திரை போட்ட மோதிரம்.

அந்த இடத்தில் படம் நாலு பக்கமும் சுருங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு தட்டளவு ஆனது, பிறகு உள்ளங்கையளவு. கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. அதுவும் போனது. நாங்கள் நாற்பது பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"ஐயோ" என்று முதலில் கத்தியது புஷ்பம் அண்ணிதான். அவளைப் போல ஒரு ரசிகை அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. அந்த ராசாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் விரதம் இருந்தவள் அவள்.

இரண்டு கட்சி

மறுநாள் காலையில் மலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடிக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கையும் கண்ணும் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த நிரைக்கு என்று பேச்சு செடிக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும்.

"மோதிரத்தப் பாத்தீங்களா? வெல பேசி முடிச்சிட்டா அவ."

"புள்ளைங்க பட்டினியில சாவுதுங்க. மோதிரத்த வச்சிக் கஞ்சியா காய்ச்சுறது? கதவத் தொறக்காம என்னா செய்வா?"

"ராசா சோறு போட்டு வளத்தாரே, அது?"

"அந்தச் சோத்துக்காக மத்தவ புள்ளைங்க சாகணுமா?"

பத்து மணித் தேத்தண்ணிக்குள் எங்களுக்கு இரண்டு கட்சி. ராசா கட்சிக்குப் புஷ்பம் அண்ணி தலைவி. கதவுக் கட்சிக்கு நான். எங்களோடு படம் பார்க்கக் கீழே கொலனியிலிருந்து வரும் சோமா என்ற சிங்களப் பெண்ணும் கொழுந்து பறிப்பாள். வசனத்தை அவளுக்குச் சிங்களத்தில் மாற்றிச் சொல்வது புஷ்பம் அண்ணியின் வேலை. சொல்லும்போது தன் அபிப்பிராயத்தையும் சேர்த்தே சொல்வாள். அப்படியிருந்தும் சோமா, "ஏ கெல்ல நரக நே, அக்கே" என்றாள். அந்தப் பெண் மோசமில்லை என்கிறாள். சொந்த மொழிபெயர்ப்பே தன்னைக் கைவிட்டதில் அண்ணிக்கு இன்னும் கோபம்.

இத்தனைக்கும் நாங்கள் ஒருவரும் கதவு திறந்ததைப் பார்க்கவில்லை. மோதிரம் போட்ட ஒரு கையைப் பார்த்தோம், அவ்வளவுதான். மீதியை அவரவர் மனதுக்குத் தோன்றியபடி முடித்துக்கொண்டோம்.

அந்தச் சூட்டில்தான் மாலையில் மடுவத்தில் நான் வாயை விட்டேன்.

ஏன் அந்தப் பேர்

வாய் விட்டது கோபத்தில்தான். ஆனால் அன்றிரவு பாயில் படுத்து யோசித்தபோது, எனக்கு அந்தப் பேர் உண்மையாகவே வேண்டும் என்று தெரிந்தது.

அதுவரை நான் கேட்ட கதைகளில் எல்லாம் நல்ல பெண்கள் என்றால் காத்திருப்பார்கள். அழுவார்கள். பிறர் சந்தேகப்பட்டால் தீயில் இறங்கி நிரூபிப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு, ஆசை இல்லை. பிறந்ததிலிருந்து நானும் எத்தனையோ பேருக்குத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள்தான். துரைக்குச் 'சரிங்க'. கணக்கப்பிள்ளைக்குச் 'சரிங்க'. கல்யாணம் பேசியபோது அப்பாவுக்கும் 'சரிங்க'. நல்லவேளையாக மாப்பிள்ளை நல்ல ஆளாக அமைந்துவிட்டார்.

என் மகள் 'சரிங்க' சொல்கிறவளாக இருக்கக்கூடாது. நல்லதோ கெட்டதோ, தானே எழுந்து நடந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறவளாக இருக்கவேண்டும். இது எனக்கு அன்றைக்கு இப்படி வார்த்தையாக வரவில்லை. மார்புக்குள் ஒரு பிடிவாதமாகத்தான் இருந்தது.

கணவரிடம் சொன்னேன். யோகன் சண்டையைக் கண்டால் கூரையைப் பார்க்கிற ஆள்.

"ராணின்னு வச்சிருவோமே வசந்தி. ராசா கட்சிக்கும் ஒத்துப்போகும், ஒங்க கட்சிக்கும் ஒத்துப்போகும்."

"நீங்க தூங்குங்க" என்றேன்.

ராத்தாவின் சாட்சி

அந்த வாரமே எனக்கு டவுனில் கிளினிக். என் அம்மா தெரணியகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தாள், வந்து போக முடியாது. அதனால் கிளினிக் நாட்களில் துணைக்கு வருவது புஷ்பம் அண்ணிதான். அந்த முறை வரமாட்டாள் என்று நினைத்தேன். காலையில் குடையோடு வாசலில் நின்றாள். போகும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் எனக்கு ஸீட் தராத ஒரு ஆளைச் சிங்களத்தில் கிழித்துத் தோரணம் கட்டினாள்.

கிளினிக் முடிந்ததும் நேரே ராத்தா கடைக்குப் போனேன். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். டவுனில் சாமான் வாங்குகிற தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் அவர் ராத்தாதான். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் கரண்ட். கரண்டில் கலர் டீவி.

"ராத்தா, ஞாயித்துக்கிழம கோட்டைப் படம் பாத்தீங்களா? கதவு தொறந்தாளா?"

ராத்தா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணி எங்களைக் கவனிக்காதவள் மாதிரி கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தொறந்தாதான். நான் செல்றத கேளு புள்ள. கதவத் தொறந்த ஒடன எதிரி உள்ளுக்கு வரல்ல. மொதல்ல புள்ளைகள்தான் வெளிய வந்திச்சி. வரிசயா. ஒண்டு ரெண்டா, அவ்வளவு புள்ளைகள். பொறகுதான் படை உள்ளுக்குப் போச்சி. ராசாவ வெட்டிப் போட்டாங்க."

கருவாட்டைப் புரட்டுகிற சத்தம் நின்றது.

"அப்ப அவ நல்லவதானே ராத்தா?"

"அவசரப்படாத. மறுநாள் காலைல ராசாட கிரீடத்த எடுத்து அவதான் போட்டுக்கொண்டா."

"போட்டுக்கிட்டாளா?" இது அண்ணி. கருவாட்டோடு திரும்பி நின்றாள். "நான் சொன்னேன்ல!"

"கேளுங்களே. போட்டுக்கொண்டு உள்ளுக்கு ஒளிஞ்சி ஈக்கல்ல. அதே கதவடிக்கு வந்து நிண்டா. சனம் கல்லால எறிஞ்சிச்சி. நெத்தியில ரெத்தம். முக்காடும் போடல்ல, மொகத்தத் திருப்பவும் இல்ல. 'நான்தான் தொறந்தேன்' எண்டு சென்னா. அதோட அண்டைக்குப் படத்த முடிச்சிட்டாங்க."

"மோதிரம்?" என்று கேட்டாள் அண்ணி.

"கழட்டவே இல்ல."

"அழுதாளா?"

ராத்தா மறுபடியும் பருப்பைக் கையில் எடுத்தார். "கண்ணு கலங்கின மாதிரியும் ஈந்திச்சி, சிரிச்ச மாதிரியும் ஈந்திச்சி. சத்தியமா எனக்குத் தெரியல்ல."

நான் ஜெயிக்க வந்த இடத்தில் சாட்சி இரண்டு பக்கமும் பேசிவிட்டது. அண்ணி ஒரு கருவாட்டுத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பஸ் வரும்வரை

பஸ் நிறுத்தத்தில் பலகையில் உட்கார்ந்தோம். மழை தூறியது. அண்ணி குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவளாகவே பேச ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒங்க அண்ணன பஸ்ஸுல இருந்து எறக்குனப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன். தெரியுமா ஒனக்கு?"

அவள் கணவர் கருப்பையா அண்ணனைச் சந்தேகத்தில் ராணுவத்தார் பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி நான் அந்த லயத்துக்கு வருவதற்கு முந்திய கதை. அவர் திரும்பி வந்தபிறகு பாட்டுப் பாடுவதை விட்டுவிட்டார் என்பார்கள். அவர்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேச மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

"எரத்னபுரியில இருந்து வாறோம். வழியில நிப்பாட்டி ஆம்பளைங்கள மட்டும் எறக்கி வரிசையா விட்டாங்க. ஒரு வேன் நின்னுச்சி. உள்ளுக்கு ஒருத்தன், தலையோட சாக்கு மாட்டியிருந்தான். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொரு ஆளா அவன் முன்னுக்குக் கொண்டு போனாங்க. சும்மா இருந்தான், சும்மா இருந்தான். அண்ணன் போனப்ப, இவன்தான்னு தலைய ஆட்டிட்டான்."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இவரு ஒரு பாவமும் அறியாதவரு. அது பின்னால அவங்களுக்கே தெரிஞ்சிச்சி, விட்டுட்டாங்க. ஆனா அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவனுக்கும் புள்ளைங்க இருந்திருக்கும். புள்ளைங்களுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லுவான். நம்ம தோட்டத்து ஆளா இருந்தாலும் இருப்பான். கோயில்ல எம் பக்கத்துல நின்னு கும்பிடுறவனா இருந்தாலும் இருப்பான். காட்டிக் குடுக்குறது ஒனக்குக் கதை வசந்தி. எனக்குக் கதை இல்ல."

நான் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கலாம். நல்ல பெண்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அண்ணியின் வேதனை எனக்கு அப்படியே புரிந்தது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் மார்புக்குள் இருந்த பிடிவாதம் அசையவில்லை. சொன்னேன்.

"அண்ணி, அவன் மூஞ்சிய மூடிக்கிட்டுல்ல இருந்தான். இவ மூஞ்சியக் காட்டிக்கிட்டுல்ல நின்னா. நான்தான் தொறந்தேன்னு சொன்னாளே. கல்லால அடிச்சப்பவும் நின்னாளே. ரெண்டும் ஒண்ணா?"

அண்ணி கையை உருவிக்கொண்டாள். நான் எல்லை மீறிவிட்டேன் என்று நினைத்தேன்.

"பஸ் வருது, ஏறு" என்றாள். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ரொம்ப வாய் பேசாத."

முப்பது

பெண் குழந்தைதான். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அண்ணி வந்து பக்கத்தில் இருந்தாள், வீட்டுக்கு வந்தபிறகு துணி அலசினாள், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் 'எம் மருமக' என்றாள். பேரைப் பற்றி மட்டும் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தோட்டமே பேசியது. மலையில் இதே பேச்சாம், சோமா வந்து சொல்வாள். புஷ்பம் சொல்லமாட்டாள் என்று ராசா கட்சி அடித்துச் சொன்னது. என் கட்சிக்காரிகளுக்கே நம்பிக்கை இல்லை. ஒருத்தி வந்து, "கமலான்னு வச்சிரு அக்கா, யாருக்கும் வம்பில்ல" என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனாள். கோட்டைப் படமும் உதவி செய்யவில்லை. வாராவாரம் பேட்டரி நிறைய சார்ஜ் ஏற்றிப் பார்த்தார்கள். அந்தத் தொடர் முடிகிறவரை அவள் நல்லவளா கெட்டவளா என்று தொடரே சொல்லவில்லை.

நான் ஒரு முடிவோடு இருந்தேன். அண்ணி வேறு பேர் சொன்னால், அவள் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி நானே காதில் சொல்லிவிடுவேன். அம்மா சொன்னால் பேர் ஒட்டாது என்பார்கள். ஒட்டுகிறவரை சொல்வேன். அதற்குப்பின் அண்ணி என் வாசலை மிதிக்காமல் போகலாம். அதை நினைக்கும்போது மட்டும் அழுகை வந்தது. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முப்பதாம் நாள் லயமே எங்கள் வாசலில் இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினார்கள். அண்ணி புதுச் சேலையில் வந்தாள். பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கயிற்றைக் கட்டி, கையில் கறுப்பு வளையல் போட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொண்டாள். கருப்பையா அண்ணன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி குனிந்தாள். பிள்ளையின் காதில் அவள் உதடு மூன்று தடவை அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உலகத்துக்கே கேட்கிற குரல்காரிக்கு அன்றைக்கென்று அப்படி ஒரு ரகசியம். என் கை பிள்ளையை வாங்குவதற்குத் தயாராகிவிட்டது.

அண்ணி நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மேகவேணி."

வாசலில் ஒரே கூச்சல். ராசா கட்சிக்காரி ஒருத்தி தாங்கமுடியாமல் கேட்டாள்: "என்னாக்கா இது? நீங்களே கட்சி மாறிட்டீங்களே!"

"யாருடி கட்சி மாறுனது?" அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது, கோபமும் வந்திருந்தது. "அவ செஞ்சது தப்புதான். நாளைக்குச் சாமியே வந்து சொன்னாலும் தப்புதான். எம் மருமகளும் வளந்து ஏதாச்சும் தப்பு செய்வா, செய்யாம இருப்பாளா? செய்யட்டும். மூஞ்சிய மூடிக்காம செய்யட்டும். அதுக்குத்தான் இந்தப் பேரு."

கதவுநிலையில் நின்ற கருப்பையா அண்ணன் உள்ளே வந்து, சீனித் தண்ணீரில் விரலைத் தொட்டு, என் மகளின் நாக்கில் வைத்தார்.